மான் வேட்டைக் கருவியை நம்ம போட்டில் ஏற்றாதீங்க

"கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் எது நல்லது" என்று யூடியூபில் தேடிப் பாருங்க. முதலில் வருபவர் பெரும்பாலும் ஓர் அமெரிக்கர். இலை தழை அச்சடித்த சட்டை, தோளில் துவக்கு, பின்னால் பனி மூடிய மலை. மூன்று நாள் காட்டுக்குள் நடந்து, மான் சுட்டு, அதைச் சுமந்துகொண்டு வண்டி நிறுத்திய இடத்துக்குத் திரும்ப எந்தக் கருவி உதவும் என்று பொறுமையாக விளக்குவார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அவருடைய காட்டுக்கு அது சரி. ஆனா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு கண்டக்குழியிலும் மாம்புரியிலும் உடப்பிலும் இருக்கிற நம்ம பொடியன்மார், கத்தாரில் வேலை செய்யும் மாமாவுக்கு "இந்த மாடல்தான் வேணும்" என்று வாட்ஸ்அப் போடுறாங்க. எங்கள் சண்டை அங்கேதான் தொடங்குது.

புத்தளம் மாவட்டத்தில் நமக்குத் துவக்கும் வேண்டாம், மானும் வேண்டாம். வில்பத்து 1938 முதல் தேசிய பூங்கா. அதற்குள் வேட்டை குற்றம், குற்றமாகவே இருக்கட்டும். நமக்கு இருக்கிற ஆளில்லாத வெளி கடல். வடக்கே குதிரைமலை முனையிலிருந்து தெற்கே சிலாபம் வரை எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் அந்த வெளிதான். அதற்குள் 18 அடி ஃபைபர் போட்டில், பின்னால் ஒரே ஓர் இஞ்சினோடு, இரண்டு பேரோ மூன்று பேரோ இருட்டில் போறாங்க. அவர்கள் கையில் என்ன கருவி இருக்கு, அதை யார் தேர்ந்தெடுத்தார், எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பது ஃபோன் விமர்சனம் மாதிரிப் பொழுதுபோக்கு விஷயம் இல்லை.

எங்கள் வாதம் ஒன்றுதான். நம்ம கரையில் ஜிபிஎஸ் வாங்குகிறவர்கள் மீன் இருக்கும் இடத்துக்குப் போவதற்காக வாங்குறாங்க. கரைக்குத் திரும்பி வருவதற்காக வாங்க வேணும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் எந்த மாடல், எவ்வளவு விலை, யார் காசு கொடுப்பது, போட்டில் யார் அதைப் பழக வேணும் என்ற எல்லாக் கேள்விக்கும் வேறு பதில் வரும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்குது?

முதலில் நம்ம கடலைப் பார்ப்போம். மே தொடங்கி செப்டம்பர் வரை சோளகம். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும். நிறையப் பேர் போட்டையும் வலையையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி போட்டுத் தொழில் செய்வாங்க. ஒக்டோபர் கடைசியில் திரும்பி வருவாங்க. அதிலிருந்து ஏப்ரல் வரைதான் நம்ம கரையின் நல்ல காலம்.

அந்த நல்ல காலத்தில் ஒரு பொல்லாப்பு இருக்கு. டிசம்பர், ஜனவரி, பெப்ரவரியில் வீசுவது வாடைக் காற்று. அது வடகிழக்கிலிருந்து வருது, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி. சோளகத்தில் இஞ்சின் நின்றால் காற்று போட்டைக் கரைப் பக்கம் தள்ளும். வாடையில் நின்றால் வெளியே தள்ளும். நாம் அதிகம் தொழிலுக்குப் போகிற மாதங்களில்தான் காற்று நம்மைக் கரையை விட்டுக் கொண்டுபோகுது.

கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 1 கடல் மைல் வேகத்தில் இழுபட்டால் அது மெதுவான வேகம், நடந்து போவதை விடக் குறைவு. மாலை 6 மணிக்கு இஞ்சின் நின்று, காலை 6 மணிக்குத்தான் கரையில் தேடத் தொடங்கினால், போட்டு 12 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். எந்தத் திசையில் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது.

அமெரிக்க வேட்டைக்காரர் வழி தவறினால் ஒரு மரத்தடியில் உட்காரலாம். அவர் உட்கார்ந்த இடம் நகராது. நம்ம இடம் நகரும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

"ஃபோன்ல மேப் இருக்கே மச்சான்"

இதுதான் நாங்கள் அதிகம் கேட்கும் வசனம். நியாயமாகவே பேசுவோம். ஃபோனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ் சில்லு மோசமானதில்லை. சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். ஏனென்றால் அது கேட்பது கரையில் இருக்கும் கோபுரத்தை இல்லை, மேலே சுற்றும் செயற்கைக்கோளை. மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் கடல் நடுவிலும் நீங்க எங்கே நிற்கிறீங்க என்று ஃபோன் காட்டும். இதை மறுக்கிறவர்கள் விஷயம் தெரியாமல் பேசுறாங்க.

பிரச்சினை சில்லில் இல்லை, கையில். உப்புத் தண்ணீர் பட்ட விரலைத் தொடுதிரை விரல் என்று ஏற்காது. திரையில் விழும் துளியை விரல் என்று எடுத்துக்கொண்டு தானாக எதையோ திறக்கும். நண்டுக்கும் வலைக்கும் வெட்டுப்பட்டு ரப்பர் கையுறை போட்டிருந்தால் கதையே வேண்டாம். வெயிலில் திரை தெரியாது. சூடேறினால் ஃபோன் தானாக நின்றுவிடும். எல்லாவற்றையும் விட, இரவு முழுக்கப் பாட்டுக் கேட்டு, டிக்டொக் பார்த்து, வீட்டுக்கு அழைத்து, விடியும்போது 9 சதவீதம் மிச்சம் இருக்கும் கருவியை நம்பி நீங்க கடலில் நிற்கிறீங்க. சார்ஜ் பண்ணவும் வழி இல்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற இஞ்சின் உள்ள போட்டில் 12 வோல்ட் பற்றரி ஏது?

ஃபோன் இரண்டாவது கருவியாக இருக்கட்டும். பொலித்தீன் பையில் சுற்றி, அணைத்து, சாப்பாட்டு டப்பாவுக்குள் இருக்கட்டும். முதல் கருவி அது இல்லை.

விலை கூடினால் நல்லது என்று யார் சொன்னது?

கடைக்காரர் சொல்லுவார். யூடியூப் சொல்லும். பெரிய கலர்த் திரை, தொடுதிரை, மலை உயரம் காட்டும் அளவி, கமரா, செயற்கைக்கோள் படம், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ எல்லாம் பிடிக்கும் ரிசீவர். ஒவ்வொன்றுக்கும் காசு. ஒவ்வொன்றையும் நம்ம போட்டுக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

குளோனாஸும் கலிலியோவும் எதற்கு? ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரத்துக்குக் கீழும் வானம் கொஞ்சம்தான் தெரியும். அங்கே அதிகமான செயற்கைக்கோள்கள் இருந்தால் உதவும். கடலில் நம்மைச் சுற்றி நாலு பக்கமும் வானம். வெறும் ஜிபிஎஸ் மட்டும் இருந்தாலே தாராளம். கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் பற்றரிதான் வேகமாக இறங்கும்.

துல்லியம்? அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது பிழை 100 மீட்டர் வரை போகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் குழப்பத்தை நிறுத்தினாங்க. அதற்குப் பிறகு, திறந்த வானத்துக்குக் கீழே மலிவான கருவியும் விலை கூடிய கருவியும் சில மீட்டருக்குள் ஒரே இடத்தைத்தான் காட்டும். "இது ரொம்ப எக்யுரேட்" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்டால் சிரித்துவிட்டு வெளியே வாங்க.

மலை உயரம் காட்டும் அளவி நமக்கு எதற்கு? நம்ம உயரம் எப்பவும் கடல் மட்டம்தான். கமரா ஃபோனில் இருக்கு. அமெரிக்காவின் மலைப் பாதை மேப் கற்பிட்டிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கருவிகளில் அந்த நாட்டு மேப் மட்டும் இருக்கும். நம்ம கடல் வெறும் நீல நிறமாகவோ வெள்ளையாகவோ தெரியும். பார் எங்கே, தீவு எங்கே என்று அது சொல்லாது.

அப்போ எதை வாங்குவது?

பொத்தான் உள்ளதை வாங்குங்க. ஈரக் கையால், இருட்டில், நடுங்கும் விரலால் அழுத்த வேணும். இது முதல் நிபந்தனை.

ஏஏ பற்றரி போடுவதை வாங்குங்க. பென்டோர்ச் பற்றரி எந்தச் சில்லறைக் கடையிலும் கிடைக்கும். உள்ளேயே பூட்டிய லித்தியம் பற்றரி தீர்ந்தால் கருவி கல்தான். ஏஏ என்றால் 4 பற்றரியை ஒரு சின்னப் போத்தலில் இறுக்கி மூடி வைத்தால் இன்னும் இரண்டு இரவு கையில் இருக்கு. மலிவான சிங்க் பற்றரி சீக்கிரம் விழுந்துவிடும், அல்கலைன் வாங்குங்க. மீள்சார்ஜ் பற்றரி போட்டால் கருவியின் மெனுவில் பற்றரி வகையை மாற்ற வேணும். இல்லாட்டி மிச்சம் எவ்வளவு என்று பொய் சொல்லும்.

மிதப்பதை வாங்குங்க, இல்லாட்டி மிதக்க வையுங்க. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 78 வரிசை கடலுக்கென்றே செய்தது. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும், இரண்டு ஏஏ பற்றரி, கம்பனிக் கணக்கில் 20 மணி நேரம். அதற்குப் பின் வந்த 79 வரிசையும் மிதக்கும். புதிது வாங்கக் காசு இல்லையென்றால் பழைய 78 போதும். அதை விட மலிவு ஈட்ரெக்ஸ் 10. கறுப்பு வெள்ளைத் திரை, சின்னது, இரண்டு ஏஏ பற்றரிக்கு 25 மணி நேரம் என்பது கம்பனிக் கணக்கு. ஆனா விழுந்தால் தாழும். அதை வாங்கினால் வலை மிதப்பில் ஒரு துண்டை வெட்டி நல்ல கயிற்றில் சேர்த்துக் கட்டுங்க. கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிக்க வேண்டாம், வெயிலில் அது கலரை விட நல்லாத் தெரியும்.

ஐபிஎக்ஸ்7 என்று பெட்டியில் போட்டிருப்பதன் அர்த்தத்தையும் தெரிஞ்சு வையுங்க. 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தண்ணீர் உள்ளே போகாது என்பதுதான் அது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில். உப்புத் தண்ணீரில் நாள்தோறும் நனைந்து ரப்பர் வெடித்த பழைய கருவிக்கு அந்த எழுத்து உத்தரவாதம் தராது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தொழில் இல்லாத மாதங்களில் பற்றரியைக் கழற்றி வையுங்க.

கடைசியாக ஒன்று. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. மலிவான மாடல்களில் உண்மையான திசைகாட்டி கிடையாது. ஈட்ரெக்ஸ் 10லும் இல்லை, 78இன் அடிப்படை மாடலிலும் இல்லை. 78எஸ்ஸில் இருக்கு. திசைகாட்டி இல்லாத கருவி, போட்டு ஓடும்போது பழைய இடத்தையும் புது இடத்தையும் ஒப்பிட்டுத்தான் திசை சொல்லும். போட்டு நின்றால் அம்புக்குறி கிறுகிறுவென்று சுற்றும். இஞ்சின் நின்று மிதக்கும் நேரத்தில், அதாவது உங்களுக்கு உயிர் போகிற மாதிரித் திசை தேவைப்படும் நேரத்தில், அம்பு பொய் சொல்லும். அதனால் பழைய காந்தக் கொம்பாஸ் ஒன்று போட்டில் கட்டாயம் இருக்க வேணும். அதற்குப் பற்றரி வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம்.

வாங்கினால் போதாது, பழக வேணும்

கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு யாரும் பழக்கிக் கொடுப்பதில்லை. மெனு இங்கிலிஷில், பெட்டிக்குள் இருக்கும் புத்தகமும் இங்கிலிஷில். பொயிண்ட் அடிக்கவும் அந்தப் பொயிண்டுக்குப் போகவும் மட்டும் பார்த்துப் பழகிக்கொள்வாங்க. மிச்சம் இருட்டு. அந்த இருட்டில் இருக்கும் மூன்று ஆபத்தை மட்டும் இங்கே சொல்லுறோம்.

ஒன்று, எண்ணை எழுதும் முறை. ஒரே இடத்தைப் பாகை, நிமிடம் என்றும் எழுதலாம், முழுக்கத் தசமத்திலும் எழுதலாம். 8 பாகை 14.5 நிமிடம் என்பதைத் தசமத்தில் எழுதினால் 8.2417. வேறொரு போட்டிலிருந்து அலைபேசியில் சொன்ன எண்ணை அவசரத்தில் 8.145 என்று போட்டுவிட்டால் என்ன ஆகும்? வித்தியாசம் கிட்டத்தட்ட 6 கடல் மைல். 10 கிலோமீட்டருக்கும் மேல். உதவிக்கு வரும் போட்டு உங்களைத் தாண்டிப் போய் வெறுங்கடலைத் தேடும். ஒரு துறையில் இருக்கும் எல்லாக் கருவியும் ஒரே முறையில் இருக்க வேணும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, ஒரு மாலை கூடி உட்கார்ந்தால் போதும்.

இரண்டு, நேர்கோடு. "வீட்டுக்குப் போ" என்று அழுத்தினால் கருவி நேர்கோடு காட்டும். அந்தக் கோடு பாருக்கு மேலாலும் போகும், தீவுக்கு மேலாலும் போகும், அலை உடைகிற இடத்துக்கு மேலாலும் போகும். கருவிக்கு அது தெரியாது. கற்பிட்டிக்கு வடக்கே தீவும் திட்டும் பாரும் கலந்து கிடக்கிற கடலில் இரவில் அந்தக் கோட்டை நம்பக் கூடாது. போன தடத்தைப் பதிந்து வைத்து அதே தடத்தில் திரும்பும் வசதி எல்லாக் கருவியிலும் இருக்கு. போட்டைத் தள்ளும்போதே தடப் பதிவு ஓடட்டும். வாய்க்கால் வாசல், பார் விளிம்பு, திரும்பும் இடம் என்று நாலைந்து பொயிண்டைப் பகலில் போய் அடித்து வையுங்க.

மூன்று, ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது. பெரும்பாலும் போட்டை ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் கருவி தெரியும். சம்மாட்டியின் மீன் பொயிண்டுகள் உள்ளே இருப்பதால் மற்றவர்களைத் தொட விடுவதும் இல்லை. தொழில் இரகசியம் சரி, ஏற்றுக்கொள்ளுறோம். ஆனா கடலில் விழுந்தவர் அந்த ஓட்டுநராகவே இருந்தால்? ஆள் விழுந்த இடத்தை உடனே பதியும் வசதி கடல் மாடல்களில் இருக்கு. அதை அழுத்தத் தெரிந்தவர் தண்ணீரில், தெரியாதவர் போட்டில் என்றால் அந்த வசதி எதற்கு? வலை இழுக்க வந்த 19 வயதுப் பொடியனுக்கும் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேணும். ஆள் விழுந்த இடத்தைப் பதிவது, வந்த தடத்தில் திரும்புவது, இருக்கும் இடத்தின் எண்ணை வாசித்துச் சொல்வது.

ஜிபிஎஸ் கத்தாது

இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு துறையிலும் ஒட்ட வேணும். ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. செயற்கைக்கோளின் சிக்னலை வாங்கி உங்கள் இடத்தை உங்களுக்குச் சொல்லும். வேறு யாருக்கும் சொல்லாது. "ஜிபிஎஸ் இருக்கு, தேடிப் பிடிப்பாங்க" என்று வீட்டில் உம்மாவும் அம்மாவும் நினைத்துக்கொண்டு இருக்காங்க. யாராலும் பிடிக்க முடியாது. உங்கள் எண்ணை நீங்களே ஃபோனிலோ வானொலியிலோ சொன்னால்தான் உண்டு.

கத்துகிற கருவி வேறு. அவசரச் சமிக்ஞைக் கருவி என்று ஒன்று இருக்கு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹேர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபயக்குரல் போகும். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச ஏற்பாடு அதைக் கேட்டு மீட்பு நிலையங்களுக்குச் சொல்லும். அதற்கு மாதக் கட்டணம் இல்லை. ஆனா அது அலை அனுப்பும் கருவி என்பதால் பதிவும் அனுமதியும் வேணும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்காமல் வெளிநாட்டிலிருந்து எடுத்து வராதீங்க.

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பாருங்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மீனவர்கள் ஏராளமானோர் திரும்பவில்லை. கடலுக்குள் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை என்று அந்தக் கரை கொதித்தது. அந்தக் கோபத்துக்குப் பிறகு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தன் நாவிக் செயற்கைக்கோள் வழியாக மீனவருக்குச் செய்தி அனுப்பும் கருவிகளைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் இரு பக்கமும் பேசும் அபாயக் கருவியையும் வெளியிட்டது. அழுத்தினால் கரைக்குத் தெரியும், கரைக்குத் தெரிந்துவிட்டது என்று போட்டுக்கும் பதில் வரும். அங்கேயும் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கரை கேட்டது, அரசு அசைந்தது என்று சொல்லுறோம். இங்கே நாம் இன்னும் கேட்கவே இல்லை.

கண்காணிக்கக் கருவி உண்டு, காப்பாற்ற?

இலங்கையில் போட்டில் கருவி பூட்டவே இல்லை என்று நினைக்காதீங்க. பூட்டியிருக்காங்க. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் நம்ம நாட்டு மீனுக்குத் தடை போட்டது. ஆழ்கடலில் போட்டுகள் எங்கே போகுது என்று கண்காணிக்க வழி இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. உடனே ஆழ்கடல் போட்டுகளில் கண்காணிப்புக் கருவி வந்தது. 2016இல் தடை நீங்கியது. பிறகு 2022 ஜூனில், பொருளாதாரம் விழுந்து கிடந்த நேரத்தில், 4,000க்கும் மேற்பட்ட மீன்பிடிப் படகுகளுக்குக் கருவி தருவதாக அவுஸ்திரேலியா அறிவித்தது. ஆட்களைக் கடத்தும் படகுகள் தன் கரைக்கு வராமல் பார்ப்பதில்தான் அதன் அக்கறை.

மீன் ஏற்றுமதிக்காக ஒரு கருவி, அடுத்த நாட்டின் எல்லைக்காக ஒரு கருவி. இரண்டும் பல நாள் தங்கும் பெரிய படகுகளுக்கு. அவை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, அந்தப் படகில் இருப்பவருக்கும் அதனால் பாதுகாப்பு உண்டு. ஆனா நம்ம கரையில் பெரும்பாலானவை ஒரு நாளில் போய் வரும் ஃபைபர் போட்டுகள். அந்தப் போட்டில் போகிறவன் ஐரோப்பாவுக்கும் பிரச்சினை இல்லை, அவுஸ்திரேலியாவுக்கும் பிரச்சினை இல்லை. அதனால் அவனுக்கு எதுவும் இல்லை. அவன் கத்தார் மாமாவிடம் கேட்டுக்கொள்ள வேணும்.

அவன் நிலைமை என்ன? 2022இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனது. ஒரே பாய்ச்சலில் எண்ணெய்க் காசு நாலு மடங்கு. வெளிநாட்டுக் கருவியின் விலையும் ரூபாவில் ஏறிப் போச்சு. எண்ணெய்க்கே கடன்படுகிறவன் முதலில் வெட்டுவது பாதுகாப்புச் செலவைத்தான். பிறகு அவன் கவனயீனம் என்று நாம் திட்டுறோம்.

எல்லை விஷயத்திலும் இதே கதை. 1976இல் மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கோடு போட்டாங்க. 1992இல் கற்பிட்டிக்கு அருகே பார் ரீஃப் பகுதியைக் கடல் சரணாலயமாக அறிவித்தாங்க. இரண்டு கோடும் தண்ணீரில் தெரியாது. மலிவான கருவியின் மேப்பிலும் இருக்காது. அந்தக் கோடுகளின் புள்ளிகளை, கருவியில் அப்படியே போடக்கூடிய எண்களாக, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு மீனவர் சங்கத்துக்கும் கொடுக்க எவ்வளவு செலவாகும்? கோட்டைத் தாண்டினால் பிடிக்கத் தெரிகிறது. கோடு எங்கே என்று சொல்லத் தெரிய வேண்டாமா?

பெரியவர்கள் சொல்வது

நம்ம பெரியப்பாமாரும் மூத்தப்பாமாரும் இரண்டு குறை சொல்வாங்க. ஒன்று, பொடியன்மார் அடையாளம் மறந்துட்டாங்க. தலவில கோயிலையும் ஒரு பனங்கூட்டத்தையும் ஒன்றின் பின் ஒன்றாகச் சேர்த்து, வேறு பக்கம் இன்னும் இரண்டு அடையாளத்தைச் சேர்த்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பாரைப் பிடித்த கண் இப்போ இல்லை என்று. இது உண்மை. ஆனா அதற்குப் பதில் கருவியைத் தூக்கி எறிவது இல்லை. மூடுபனியிலும் இருட்டிலும் கோயிலும் தெரியாது, பனையும் தெரியாது. இரண்டும் வேணும். நுரைச்சோலைப் புகைக்கூண்டும் மாம்புரிக் காற்றாடிகளும் இன்றைக்கு நம்ம புது அடையாளம். அதையாவது பொடியன்மாருக்குச் சொல்லிக் கொடுங்க. பற்றரி விழுந்த நாளில் உதவும்.

இரண்டாவது குறை இன்னும் கனமானது. ஜிபிஎஸ் வந்த பிறகு ஒரு பாரைக் கண்டால் எல்லாரும் திரும்பத் திரும்ப அதே பாரில் போய் விழுறாங்க, மீனும் சங்கும் அட்டையும் ஓய்வில்லாமல் தீருது என்று. இதையும் நாங்கள் மறுக்கவில்லை. இதனால்தான் மீண்டும் சொல்லுறோம். வேட்டைக் கருவியாக மட்டும் அதைப் பார்த்தால் அது வேட்டைதான் ஆடும். வீடு திரும்பும் கருவியாகப் பார்த்தால் ஆயிரம் மீன் பொயிண்ட் வேண்டாம். பத்துப் பொயிண்ட் போதும், விலை குறைந்த மாடல் போதும்.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

சம்மாட்டிமாரிடம்: கருவி, கொம்பாஸ், மிதப்பு அங்கி, உபரிப் பற்றரி எல்லாம் போட்டோடு சேர்ந்த சாமான். அதை ஆட்களின் பங்கில் கழிக்காதீங்க. மாலையில் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பூட்டி வைக்கும் கருவி, உங்கள் போட்டு வேறு ஆளோடு போகும் இரவில் யாருக்கும் உதவாது.

கடற்றொழில் திணைக்களத்திடம்: போட்டுப் பதிவுக்கும் லைசன்சுக்கும் எப்படியும் வரச் சொல்லுறீங்க. அன்றைக்கே ஒரு மணி நேரம் தமிழிலும் சிங்களத்திலும் கருவிப் பழக்கம் கொடுங்க. அரசின் சீநோர் நிறுவனம் போட்டும் வலையும் விற்கிறதே, சாதாரணப் பொத்தான் கருவிகளை மொத்தமாக இறக்கி மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அடக்க விலைக்குக் கொடுக்கட்டும். சின்னப் போட்டுக்கும் அவசரச் சமிக்ஞைக் கருவி என்ற பேச்சைத் தொடங்குங்க. அனுமதி எடுக்கும் வழியை ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்க.

வெளிநாட்டில் இருக்கும் மாமாமாரிடமும் மச்சான்மாரிடமும்: பெரிய திரை வாங்கி அனுப்பாதீங்க. அதே காசுக்கு இரண்டு சாதாரணக் கருவி வரும். இரண்டு போட்டுக்கு ஆகும்.

நம்ம வயதுக்காரரிடம்: இங்கிலிஷ் மெனு நமக்கு ஓரளவு வாசிக்கத் தெரியும். வாப்பாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. வரும் ஒக்டோபரில் போட்டுகள் திரும்பி வரும்போது ஒவ்வொரு துறையிலும் ஒரு மாலை உட்காருவோம். இருக்கும் கருவிகளை எல்லாம் ஒரே எண் முறைக்கு மாற்றுவோம். மெனுவின் முக்கியமான பத்துச் சொல்லைத் தமிழில் தாளில் எழுதி, லேமினேட் பண்ணி, போட்டில் கட்டுவோம். கடலுக்குப் போகுமுன் எந்தப் பக்கம் போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தைத் தொடங்குவோம். அந்த நேரம் தாண்டியதும் விடியும் வரை காத்திருக்காமல் கரை தேடத் தொடங்க வேணும். வாடைக் காற்று விடியும் வரை காத்திருப்பதில்லை.